வாசலில் ஒட்டிக்கொள்ளும் கால்: பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு மனதில் நடக்கும் பயிற்சி

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடம் ஆகிறது. கை நடுக்கத்தைவிட எங்களைப் பாடாய்ப் படுத்தியது நடைதான். கூடத்தில் நன்றாக நடந்து வருவார். குளியலறை வாசலுக்கு வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் சாயும். ‘ஃப்ரீசிங்’ என்பது இதைத்தான். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததையும், அதில் நாங்கள் சறுக்கியதையும் சேர்த்து எழுதுகிறேன். அடிக்கடி விழுகிறவராக இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நடை என்பது நாம் யோசிக்காமல் செய்யும் வேலை. மூளையில், அசைவுக்கு உதவும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறையும்போது, தானாக நடக்கும் அந்தப் பழக்கம்தான் முதலில் கெடுகிறது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, மனதை வைத்து நடக்கும் வழி ஓரளவு மிச்சம் இருக்கும். சமதரையில் சிக்கிக்கொள்பவர் மாடிப்படியில் சிக்கலில்லாமல் ஏறுவது இதனால்தான். நாமும் அந்த வழியைத்தான் பிடிக்கப்போகிறோம்.

1. நேரம். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் பயிற்சி. அப்பாவுக்கு எட்டு மணி மாத்திரை என்றால் ஒன்பது மணிக்கு.

2. கோடு. வாசலுக்கு முன்னால் குறுக்கே நான்கைந்து பட்டைகள் ஒட்டுங்கள். அவர் நன்றாக நடக்கும்போது வைக்கும் அடியை அளந்து, அதே இடைவெளி விடுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் மஞ்சள் இன்சுலேஷன் டேப் போதும். பளபளக்கும் செலோடேப் வேண்டாம், வழுக்கும். நாங்கள் முதலில் நிலைப்படியோடு கோட்டை நிறுத்திவிட்டோம். அப்பாவும் சரியாக அங்கேயே நின்றார்! உள்ளே இன்னும் இரண்டு கோடு ஒட்டிய பிறகுதான் தாண்டினார்.

3. மனதில் நடப்பது. எங்களுக்கு மூன்று வாரத்தை வீணாக்கிய படி இது.

கைப்பிடி உள்ள நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பட உட்காரவைத்து, “கண்ணை மூடிக்கிட்டு நடக்கிற மாதிரி நினைச்சுப் பாருங்கப்பா” என்றேன். “நினைச்சாச்சு” என்றார் உடனே. விசாரித்தால், தான் நடந்து போவதைத் தெருவில் யாரோ போவதுபோலத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அது பலிக்கவில்லை. உடம்புக்கு உள்ளே இருந்து உணர வேண்டும்.

அதனால் கேள்வியை மாற்றினேன். “எடை இப்ப எந்தக் கால்ல இருக்கு? வலது கால் தூக்கியாச்சா? குதிகால் முதல்ல படுதா? தரை சில்லுன்னு இருக்கா? கை வீசுதா?” ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டிய பிறகே அடுத்தது.

சரியாகச் செய்கிறாரா என்று எப்படித் தெரியும்? ஸ்டாப்வாட்ச். நாற்காலியிலிருந்து குளியலறைக்கு நிஜமாக நடக்க அப்பாவுக்கு 20 நொடி. மனதில் ஆறே நொடியில் போய்விட்டார், அதாவது அடிகளை முழுங்கியிருக்கிறார். இரண்டு நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்வரை இதைச் செய்யவைத்தேன். ஐந்து முறைக்கு மேல் வேண்டாம், கண் அசந்துவிடும்.

4. உடனே நிஜ நடை. மனதில் நடந்த அதே வழியில், அதே கோடுகளின் மேல். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஒரே சீராக ‘டிக் டிக்’ என்று தாளம் தட்டும் மெட்ரோனோமைப் போனில் வைத்துக்கொண்டால் நல்லது. அவருடைய வழக்கமான நடை வேகம், அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு. சினிமாப் பாட்டு வைக்கலாமே என்பார்கள். என் ஓட்டு மெட்ரோனோமுக்குத்தான். பாட்டில் வேகம் மாறும், அப்பாவின் கவனம் வரிகளுக்குப் போய்விடும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், மாட்டுவண்டி திரும்புவதுபோல அகலமாக வளைந்து வரட்டும்.

5. நடுவில் சிக்கினால். இழுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா, நான், தம்பி மூவரும் “காலைத் தூக்குங்க, தூக்குங்க” என்று கத்துவோம். நடப்பதோடு கேட்பதும் இன்னொரு வேலையாகச் சேர்ந்தால் பிடி இறுகத்தான் செய்யும். இப்போது ஒருவர் மட்டும் பேசுவது என்று வைத்திருக்கிறோம். நிற்க, நிமிர, இடமும் வலமும் எடையை மாற்ற, அப்புறம் ஒரு பெரிய அடி.

சேர்த்தது: ‘அம்மாவுக்குக் கற்பனையே வரவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரையாவது அந்த வழியில் மெதுவாக நடக்கவிட்டு, பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்து, அதை நாலைந்து முறை காட்டிவிட்டுக் கண்ணை மூடச் சொல்லுங்கள். சேலை கட்டுபவர் என்றால் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மீண்டும் சேர்த்தது: ஈரம் பட்டு டேப்பின் ஓரம் பெயர்ந்துகொள்கிறது, கால் அதிலேயே தடுக்கும். பெயர்ந்ததைப் பார்த்ததும் உரித்துப் புதிது ஒட்டிவிடுங்கள்.