கரண்ட் இல்லாத தோட்டத்துச் சாளையில் லேப்டாப், லைட், ஃபேன் ஓட்டுவது எப்படி?

காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இப்போது சனி, ஞாயிறுக்கு லேப்டாப்போடு சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, போய்விடுகிறார்கள். கிணற்று மோட்டாருக்கு லைன் இருக்கும், சாளைக்கு இருக்காது. மோட்டாருக்குக் கொடுத்த இலவச இணைப்பில் வயர் இழுத்து ஃபேன் போடுவது விதிமீறல், அந்த யோசனையே வேண்டாம். உங்கள் கையில் உள்ள சாமான்களுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், அதைச் சோலார் பேனலில் எடுத்து எதில் சேர்த்து வைப்பது, எப்படி இணைப்பது என்று புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு சாமானும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதி இரண்டையும் பெருக்குங்கள். வருவதுதான் வாட்-ஹவர். லேப்டாப் சராசரியாக 30 வாட் என்று வைத்தால் 4 மணி நேரத்துக்கு 120. இரண்டு செல்போனுக்கு 30. 9 வாட் எல்இடி பல்பு 4 மணி நேரம் எரிந்தால் 36. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட், 5 மணி நேரத்துக்கு 150. மொத்தம் 336. வழியில் வீணாவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 420.

பழைய சீலிங் ஃபேனாக இருந்தால் அது மட்டுமே 75 வாட் இழுக்கும். பேட்டரியைப் பெரிதாக்குவதை விட ஃபேனை மாற்றுவது மலிவு. மிக்ஸி, ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்தால் சமையலுக்கு கேஸ் அடுப்பு இருக்கிறது.

எதில் சேர்த்து வைப்பது?

பவர் பேங்க் பெட்டியில் 20000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-ஹவர்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-ஹவர், கைக்கு வருவது 60 சொச்சம். வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவருக்கு அது தாராளம். லேப்டாப்புக்கு இரண்டு மணி நேரம் வரும், அதுவும் டைப்-சி பிடி (பவர் டெலிவரி) வசதியுடன் 45 அல்லது 65 வாட் தரும் மாடலாக இருந்தால்தான்.

நாம் போட்ட 420-க்கு 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும். 640 வாட்-ஹவர், அதில் 80 சதவீதம் வரை பயமில்லாமல் எடுக்கலாம். ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-ஹவர் ட்யூபுலர் பேட்டரியும் ஓடும்தான், ஆனால் ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். கார் பேட்டரி வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கென்று செய்தது, இந்த வேலைக்கு ஆகாது. வயர் வேலையே வேண்டாம் என்பவர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் வாங்கலாம். விலை கூடத்தான்.

பேனல்

100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் 300 வாட்-ஹவர் போலத் தரும். நமக்கு 150 வாட் சரியாக வரும். பொள்ளாச்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மேகம் நிற்கிற மாதங்களையும் நினைத்தால் 200 வாட் எடுங்கள். கோவை, பொள்ளாச்சி எல்லாம் ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும், மழைத்தண்ணீரும் வழிந்து தூசியைக் கழுவிவிடும்.

தென்னந்தோப்பில் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது நிழல். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு மூலையில் மட்டை நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் படுத்துவிடும். காலை 9, மதியம் 12, மாலை 3 என மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். அப்புறம் காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வெறுமனே சாய்த்து வைத்த பேனலைத் தூக்கிப் போட்டுவிடும். இரும்பு ஸ்டாண்டில் போல்ட் போட்டு, கால்களுக்குக் கான்கிரீட் போடுங்கள். பின்பக்கம் காற்றோட்டம் இருக்கட்டும், பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும்.

இணைக்கும் வரிசை

12 வோல்ட் பேனல் என்று விற்பது வெயிலில் சும்மா நிற்கும்போது 21 வோல்ட்டுக்கு மேல் காட்டும். நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள், நடுவில், பேட்டரிக்கு ஏற்ற அளவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும்.

1. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள்.
2. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள். பிளஸ், மைனஸ் மாறாமல் பாருங்கள்.
3. பேட்டரி வகையை லித்தியம் என்று செட் செய்யுங்கள்.
4. அதற்குப் பிறகே பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி.

லைட்டும் ஃபேனும் 12 வோல்ட் டிசியிலேயே கிடைக்கின்றன. லேப்டாப்புக்கு, காரில் மாட்டும் 65 வாட் டைப்-சி சார்ஜர் போதும். டிசியை 230 வோல்ட் ஏசியாக்கி, அடாப்டரில் மறுபடி டிசியாக்குவது தண்டச் செலவு. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும். கட்டாயம் வேண்டுமென்றால், வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரே வாங்குங்கள்.

மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட், சீரியல் லைட் என்றால் இந்தக் கணக்கெல்லாம் தாங்காது, ஜெனரேட்டர்தான். அதைச் சாளைக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரைக் கொன்றுவிடும். புகை சாளைப் பக்கம் வராதபடி, காற்று சாளையை விட்டு விலகிப் போகும் திசையில், இருபது அடியாவது தள்ளி வையுங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

மாதக்கணக்கில் சாளைக்குப் போகமாட்டீர்கள் என்றால் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தகரக் கூரைச் சூடு அதற்கு ஆகாது.