டெக்ஸ்ட் ஃபைலின் ஒவ்வொரு வரியையும் பைத்தான் ஆப்ஜெக்டாக மாற்றுவது

மளிகைக் கடையின் இருப்புப் பட்டியல், வரிக்கு ஒரு பொருளாக:

101,துவரம் பருப்பு,165.50,12
102,"புளி, கொட்டை நீக்கியது",210,8

முதலில் கிளாஸ். பைத்தான் 3.7-இல் வந்த டேட்டாகிளாஸ் (ஃபீல்டுகளைக் குறித்தால் போதும், இனிட்டைத் தானே எழுதிக்கொள்ளும் கிளாஸ்) போதும். எண், பெயர், விலை, இருப்பு என நான்கு ஃபீல்டு. இருப்புக்கு இன்ட் (முழு எண்) என்று டைப் குறித்தாலும் பைத்தான் தானாக மாற்றித் தராது. '12' ஸ்ட்ரிங்காகவே உட்கார்ந்துகொள்ளும். இரண்டால் பெருக்கினால் 24 வராது, '1212' வரும்.

கமாவில் ஸ்ப்ளிட் செய்தால் புளி வரி ஐந்து துண்டாகிவிடும். அதனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமாவில் பிரிக்காத சிஎஸ்வி (csv) ரீடரையே பயன்படுத்துங்கள். ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுங்கள். சில எடிட்டர்கள் ஃபைலின் தொடக்கத்தில் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத குறி 101-உடன் ஒட்டிக்கொண்டால், முதல் வரியிலேயே இன்ட் பிழை தரும்.

லூப்புக்கு முன் ஒரு காலி லிஸ்ட். லூப்புக்குள், வரி காலியாக இருந்தால் தாண்டுங்கள். நான்கு துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை ஸ்ட்ரிப் செய்து, எண்ணையும் இருப்பையும் இன்ட் ஆக்கி, பிறகு கிளாஸை அழைத்துப் புது ஆப்ஜெக்டை அப்பெண்ட் செய்யுங்கள். விலை பணம் என்பதால் ஃப்ளோட் வேண்டாம், தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் நல்லது. ஆனால் தவறான விலை வந்தால் டெசிமல் எழுப்புவது இன்ட் தரும் வேல்யூஎரர் அல்ல, இன்வேலிட்ஆபரேஷன் என்ற வேறு பிழை. இரண்டையும் எக்செப்டில் பிடியுங்கள்.

பலரை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும் தவறு இது: ஆப்ஜெக்டை லூப்புக்கு வெளியே ஒருமுறை உருவாக்கி, உள்ளே ஃபீல்டுகளை மட்டும் மாற்றி அப்பெண்ட் செய்வது. லிஸ்டில் இருநூறு பொருள் இருக்கும்; இருநூறும் கடைசி வரியையே காட்டும். அப்பெண்ட் நகல் எடுப்பதில்லை, அதே ஆப்ஜெக்டைச் சுட்டுகிறது, அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் முதல் இரண்டின் ஐடியை அச்சிடுங்கள். ஒன்றாக இருந்தால் காரணம் இதுதான்.

சாதாரணக் கிளாஸின் உடலில் நேரடியாக எழுதிய லிஸ்டும் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவாகிவிடும். டேட்டாகிளாஸ் இதை அனுமதிக்காமல் வேல்யூஎரர் தரும். அங்கே ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் புது லிஸ்ட் உருவாக்கும் டீஃபால்ட் ஃபேக்டரி (default_factory) கொடுக்க வேண்டும்.

பொருள்1, பொருள்2 என லூப்பில் வேரியபிள் பெயர்களை உருவாக்க முயல வேண்டாம். எண்ணைக் கீயாக வைத்து டிக்‌ஷனரியில் போடுங்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால் பழையது சத்தமில்லாமல் அழியும். சேர்க்கும் முன் சோதியுங்கள்.

தமிழ் எண்களில் ௧௨ என்று எழுதியிருந்தாலும் இன்ட் அதை 12 என்றே படிக்கும். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ வந்தால் வேல்யூஎரர்.

பிழைச் செய்தியில் ரீடர் தரும் வரி எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள்: '7-ஆம் வரி, இருப்பு: பன்னிரண்டு'. ஃபைலைத் திருத்துபவருக்கு அது போதும்.