ஐஸ் ஹாக்கி ஆசியக் கோப்பை: புதிதாகப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூனில் அமீரகத்தின் அல் ஐன் நகரில் முடிந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்திய ஐஸ் ஹாக்கி அணி வெண்கலம் வென்றது. பெண்கள் அணிக்கு அதுதான் முதல் சர்வதேசப் பதக்கம். அந்தச் செய்தியைப் பார்த்து இந்த விளையாட்டுப் பக்கம் வந்தவர்களுக்குச் சில விஷயங்கள்.

ஆசியக் கோப்பை என்றதும் கிரிக்கெட் ஞாபகத்தில், கண்டத்தின் பெரிய அணிகளெல்லாம் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பான், தென் கொரியா, சீனா, கஜகஸ்தான் எல்லாம் உலக சாம்பியன்ஷிப்பின் மேல் பிரிவுகளில் ஆடுகிறவை. அவர்களோடு மோதும் நிலைக்கு இன்னும் வராத நாடுகள் தங்களுக்குள் ஆடிப் பழகவே இந்தக் கோப்பை. ஆண்களுக்கு இது 2008இல் ‘சேலஞ்ச் கப்’ என்ற பெயரில் தொடங்கியது. பெரிய அணிகளும் கலந்துகொள்வது ஆசியக் குளிர்கால விளையாட்டில். 2025இல் சீனாவின் ஹார்பினில் நடந்த அந்த விளையாட்டில் ஆண்கள் தங்கம் கஜகஸ்தானுக்குப் போனது.

இந்தியா போன்ற அணி பத்து கோலுக்கு மேல் வாங்கித் தோற்றதைப் பார்த்து, ‘இவங்களுக்கு எதுக்கு இந்த விளையாட்டு’ என்று முடிவுகட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. இந்திய அணியில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். லே நகரில் கர்சூ குளம் உறைந்தால் அதுவே ஆடுகளம்; அதுவும் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கம் பல வருஷம் பூட்டியே கிடந்தது. 2016இல் பெண்கள் அணி தைபேயில் முதன்முதலாக ஆடப் போவதற்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அங்கே எல்லா ஆட்டத்திலும் தோல்வி. அடுத்த வருஷமே பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள்.

கோல்கள் குவிவதற்கு ஆட்டத்துக்குள்ளேயும் ஒரு காரணம் உண்டு. ஆட்டக்காரர் 40, 50 விநாடி முழு வேகத்தில் ஸ்கேட் செய்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்புவார். ஆட்டத்தை நிறுத்தாமலே அடுத்தவர் தடுப்பைத் தாண்டி இறங்குவார். (கால்பந்து மாதிரி, போனவர் போனவர்தான் என்று எண்ண வேண்டாம். அவரே இரண்டு நிமிஷத்தில் மறுபடி வருவார்.) ஓர் ஆட்டத்துக்கு 20 ஸ்கேட்டர்கள் (கோல்கீப்பர் அல்லாத ஆட்டக்காரர்கள்) வரை வைத்துக்கொள்ளலாம். புது நாடுகளுக்குத் தேறிய ஆட்களே கொஞ்சம் என்பதால் அந்தச் சிலரே திரும்பத் திரும்ப இறங்கிக் களைத்துப்போகிறார்கள். மூன்றாவது பீரியடில் (20 நிமிஷப் பகுதிகள் மூன்றில் கடைசி) தடுப்பாட்டம் உடைந்துவிடுகிறது. எனவே மொத்த ஸ்கோரோடு நிறுத்தாமல் ஒவ்வொரு பீரியடின் கணக்கையும் பாருங்கள். முதல் 20 நிமிஷம் 0-1 என்று இருந்தால் அணி தேறிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

அப்புறம் புள்ளிப்பட்டியல். 60 நிமிஷத்துக்குள் வென்றால் 3 புள்ளி. கூடுதல் நேரத்திலோ பெனால்டி ஷாட்டிலோ வென்றால் 2, அப்படித் தோற்றவருக்கும் 1. இரண்டு அணிகள் சமமாக நின்றால் நெட் ரன் ரேட் பாணியில் கோல் வித்தியாசத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அவர்கள் இருவரும் மோதிய ஆட்டத்தில் யார் வென்றார் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அணி நிர்வாகங்களே சறுக்கும் இடம் ஆட்டக்காரர் தகுதி. அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தால் மட்டும் போதாது. நாடு மாறி வந்தவர் புதிய நாட்டின் உள்ளூர்ப் போட்டிகளில் குறிப்பிட்ட காலம் ஆடியிருக்கவும் வேண்டும். 2019இல் அபுதாபியில் நடந்த, உலக சாம்பியன்ஷிப்பின் மூன்றாம் பிரிவுக்கான தகுதிச் சுற்றில் கிர்கிஸ்தான் தகுதியில்லாதவர்களைக் களமிறக்கியது. வென்ற ஆட்டங்களெல்லாம் 0-5 தோல்வியாக எழுதப்பட்டன. 2022இல் சொந்த ஊரான பிஷ்கெக்கில் நான்காம் பிரிவை வென்றுதான் மேலே ஏறினார்கள்.

கடைசி நிமிஷங்களில் கோலி (கோல்கீப்பர்) தன் இடத்தை விட்டு பெஞ்சுக்கு ஓடினால், அவருக்கு அடிபட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். பின்தங்கிய அணி கோலிக்குப் பதிலாக இன்னொரு ஸ்கேட்டரை இறக்கித் தாக்கப்போகிறது. வெறும் வலையில் எதிரணி எளிதாக ஒன்று போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. 2-4 என்று முடிந்த பல ஆட்டங்கள் உண்மையில் 2-3 ஆட்டங்களே.