பென் ட்ரைவில் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டதா? போர்மட் அடிக்க அவசரப்படாதீர்கள்

ஹட்டன் டவுனுக்கு சீவி (வேலைக்கான சுயவிபரம்) பிரிண்ட் எடுக்கப் போன பக்கத்து லயத்துத் தம்பி, பென் ட்ரைவோடு வாசலில் வந்து நின்றான். "அண்ணே, போல்டர் எல்லாத்துலயும் மூலையில சின்ன அம்புக்குறி வந்திருச்சு. போர்மட் அடிச்சா சரியாகிருமாம். அடிச்சிரவா?"

போர்மட் என்றால் பென் ட்ரைவில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடுவது. நானும் ஒருகாலத்தில் அப்படி அடித்துத்தான் தங்கச்சி கல்யாணப் படங்களைத் தொலைத்தேன். உண்மையில் போர்மட் அடிக்கும்வரை அவை அழிந்திருக்கவே இல்லை, ஒளிந்துதான் இருந்தன.

முதலில், இது ஷோர்ட்கட் வைரஸ்தானா என்று பாருங்கள்

போல்டர் மேல் ரைட் கிளிக் செய்து புரொபர்டீஸ் போங்கள். வகை என்ற இடத்தில் 'ஷோர்ட்கட்' என்றும், அளவு ஓரிரு கேபி என்றும் இருக்கும். ஆனால் பென் ட்ரைவில் நிரம்பிய இடம் மட்டும் குறைந்திருக்காது. அப்படியென்றால் உங்கள் கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் தள்ளிவிடும்.

எப்படித் தொற்றுகிறது?

பேச்சில் வைரஸ் என்றாலும் இது புழு வகை, அதாவது தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும். நிஜ போல்டரை மறைத்து, அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் முதலில் புழுவின் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய சின்னக் கோப்பு) ஓடும், பிறகு நிஜ போல்டரும் திறக்கும். திறந்துவிட்டதே என்று நாமும் சந்தேகப்பட மாட்டோம். அதற்குள் புழு கணினியில் குடியேறிவிடும். அடுத்து யார் பென் ட்ரைவ் செருகினாலும், மழைக்காலத்து மலையில் அட்டை காலைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளும்.

2009இல் வந்த விண்டோஸ் 7 முதல், பென் ட்ரைவைச் செருகியதுமே அதில் உள்ள புரோகிராம்கள் பொதுவாகத் தானாக ஓடாது. அதனால்தான் இப்போது புழு எழுதுகிறவர்கள் நம்மையே கிளிக் செய்ய வைக்கிறார்கள்.

கணினியைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும்

பென் ட்ரைவைக் கழற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'டபிள்யூஸ்கிரிப்ட்' (wscript.exe, ஸ்கிரிப்ட்களை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்) காரணமில்லாமல் ஓடுகிறதா, கணினியோடு சேர்ந்தே தொடங்குபவற்றைக் காட்டும் ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாத பெயர் ஏதும் உண்டா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் டிபெண்டர் ஒப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம்போல் எடுக்கும், கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டிப்போனால் மற்றதெல்லாம் வீண், மறுபடி செருகியதும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

இனி கோப்புகளை மீட்கலாம்

பென் ட்ரைவைச் செருகுங்கள், அம்புக்குறி உள்ள எதையும் தொடாதீர்கள். பைல் எக்ஸ்புளோரரில் ஒப்ஷன்ஸ், அதில் வியூ. மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தெரிவு செய்து, சற்றுக் கீழே 'பாதுகாக்கப்பட்ட ஒபரேட்டிங் சிஸ்டம் கோப்புகளை மறை' என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுங்கள். பலரும் இந்த இரண்டாவதைச் செய்யாமல் "ஒன்னுமே தெரியல" என்பார்கள். விண்டோஸ் எச்சரிக்கும், யெஸ் கொடுங்கள். நிஜ போல்டர்கள் மங்கலாகத் தெரியும். படங்கள், ஆவணங்களை மட்டும் கணினிக்குக் கொப்பி செய்யுங்கள். ஷோர்ட்கட், ஸ்கிரிப்ட் எதையும் எடுக்க வேண்டாம். கொப்பி செய்ததைத் திறந்து பார்த்த பிறகு பென் ட்ரைவைப் போர்மட் அடியுங்கள்.

தம்பியின் சீவி, பெயரில்லாத போல்டருக்குள் இருந்தது. அடுத்த முறை பிரிண்ட் எடுக்கப் போக அவனுக்கு ஒரு பழைய மெமரி கார்ட்டை எஸ்டி அடாப்டரோடு கொடுத்தேன். அதன் பக்கத்தில் உள்ள குட்டி லொக்கைக் கீழே தள்ளினால் பெரும்பாலான கார்ட் ரீடர்களில் வாசிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது, அதனால் புழுவும் ஏற முடியாது. "இத்துணூண்டு பிளாஸ்டிக்காண்ணே?" என்று நகத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.