மூன்று குடம் தண்ணீரில் ஒரு காய்கறித் தோட்டம்

நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும் ஊர். குச்சியை ஒடித்து ஊன்றினால் மறுவாரம் தளிர் விட்டிருக்கும். அந்தத் திமிரோடுதான் கல்யாணமாகி அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்துக்கு வந்தேன். முதல் சித்திரையிலேயே கொல்லையில் மண்ணைக் கூட்டி மேட்டுப்பாத்தி போட்டு, 60 தக்காளி நாற்று வாங்கி நட்டேன். பத்து நாளில் 58 காய்ந்து போனது. மிச்சம் இரண்டை மயில் கொத்திப் போட்டது.

என் மாமியார் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்தா, மொதல்ல குடத்த எண்ணு. அப்புறம் செடிய எண்ணு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

அதனால் நீங்களும் குடத்தை எண்ணுவதிலிருந்தே தொடங்குங்கள். எங்கள் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். போர்த் தண்ணீர் உப்பு. குடிக்க, சமைக்க, துவைக்கப் போக, தோட்டத்துக்கென்று ஒரு நாளைக்கு 3 குடம் எடுத்து வைக்க முடியும். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் 45 லிட்டர். மண்ணை மூடி வைத்து, மத்தியான வெயிலையும் மறைத்துவிட்டால் ஒரு சதுர அடி பாத்திக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் போதும். ஆக, 90 சதுர அடி. பத்தடிக்கு ஒன்பதடி. அதுதான் என் தோட்டம். கொல்லையில் மூன்று சென்ட் சும்மா கிடக்கிறது, கிடக்கட்டும். இடத்தைப் பார்த்து ஆசைப்பட்டால் பங்குனியில் எதற்கு ஊற்றுவது, எதைச் சாகவிடுவது என்று நிற்க வேண்டிவரும்.

குடத்தைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அரசு சொன்னபோது எல்லோரையும் போல நாங்களும் மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கித் தரைக்குள் விட்டிருந்தோம். பிற்பாடு அதைத் திருப்பி ஒரு 1000 லிட்டர் தொட்டிக்கு விட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 46 சதுர மீட்டர். 2 சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டருக்கு மேல் வரும். சிந்தியது சிதறியது போனாலும் 700 நிற்கும். என் தோட்டத்துக்கு அது 15 நாள் தண்ணீர். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடியில் இருக்கிற குருவி எச்சம் எல்லாம் அதில்தான் வரும். தொட்டி வாயில் கொசுவலையைக் கட்டுங்கள்.

அரிசி, காய் கழுவின தண்ணீர் நேராகப் பாத்திக்கு. சோப்புத் தண்ணீரை வாழைக்கு விடுங்கள், கீரைக்கு வேண்டாம்.

அடுத்தது பாத்தி. எந்த வீடியோவைப் பார்த்தாலும் மேட்டுப்பாத்திதான் காட்டுகிறார்கள். மழை கொட்டும் ஊருக்கு அது சரி. காய்ந்த ஊரில் மேட்டுப்பாத்தி நாலு பக்கமும் காற்றுப் பட்டு அடுப்பில் வைத்த தோசைக்கல் போலக் காயும். நமக்குப் பள்ளப்பாத்தி. மூன்றடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழம் கொத்தி, கட்டியை உடைத்து, மட்கிய ஆட்டுப் புழுக்கையைக் கலந்து திரும்ப நிரப்பும்போது மண் மட்டம் தரையைவிட நாலு விரல் தாழ்ந்திருக்கட்டும். மீந்த மண்ணைச் சுற்றிலும் வரப்பாக அணைத்துவிடுங்கள். புழுக்கையைப் பச்சையாகப் போடாதீர்கள், சூடு. இரண்டு மூன்று மாதம் குவித்து, தண்ணீர் தெளித்து, மட்கவிட்டதுதான் உரம். உங்களுடையது செம்மண்ணாக இருந்தால் கண்மாய்க் கரம்பையும், அதாவது கண்மாயில் படிந்த வண்டலையும், ஒரு பங்கு சேருங்கள்.

கரிசலைக் கொத்தப் பதம் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் கடப்பாரை துள்ளும், ஈரமாக இருந்தால் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விடாது. கோடை மழை ஒன்று பெய்து மூன்று நாலு நாள் கழித்து ஒரு பிடி மண்ணை உருட்டிக் கீழே போடுங்கள். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் அன்றைக்கே கொத்திவிடுங்கள்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பள்ளப்பாத்தி போட்ட முதல் ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. கரிசல் தண்ணீரைக் கீழே விடாது. கத்தரி எல்லாம் கழுத்தளவு தண்ணீரில் நின்று வேர் அழுகிப் போனது. அதிலிருந்து வரப்பில் ஒரு கை அகலத்துக்கு வாய் வைத்திருக்கிறேன். அடைமழையில் திறந்துவிடுவேன், மழை விட்டதும் மண்ணை வைத்து அடைத்துவிடுவேன்.

இப்போது பானை. என் தோட்டமே இதை நம்பித்தான் நிற்கிறது. ஐந்து லிட்டர் பிடிக்கிற சுட்ட மண்பானையைக் கழுத்து மட்டும் தெரியப் பாத்தியில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடிவிட வேண்டும். பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசியும். மண் காய்ந்திருந்தால் வேகமாக இழுக்கும், ஈரமாக இருந்தால் நின்றுவிடும். செடி தனக்கு வேண்டியதை வேர் வழியாகத் தானே எடுத்துக்கொள்ளும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் களையும் குறைவு.

பானையைப் பார்த்து வாங்க வேண்டும். வர்ணம் பூசினதும் பளபளப்பு ஏற்றினதும் ஆகாது. நான் சந்தையில் வாங்கும்போதே ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு மற்ற சாமான் வாங்கப் போவேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் நல்ல பானை வெளியே வியர்த்திருக்கும். விரலால் தடவினால் ஈரம் ஒட்டும், ஆனால் சொட்டாது. சொட்டினால் விரிசல். காய்ந்தே இருந்தால் அது தோட்டத்துக்கு ஆகாது.

ஒரு பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நாலு செடி. நட்ட முதல் இரண்டு வாரம் வேர் பானையை எட்டியிருக்காது, அதுவரைக்கும் தூரில் கையால் ஊற்றத்தான் வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுப் பானை வேலை செய்யவில்லை என்கிறார்கள். அப்புறம், பானைக்குள் நல்ல தண்ணீர்தான். உப்புத் தண்ணீரும் அரிசி கழுவினதும் பானைச் சுவரின் நுண்ணிய கண்ணை அடைத்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை தோண்டி எடுத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைப்பேன்.

போர் உப்பாக இருந்தால் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. இலையில் படாமல் தூரில் மட்டும், அந்தி சாய்ந்த பிறகு விடலாம். கொத்தவரை ஓரளவு தாங்கும். பீன்ஸ் தாங்கவே தாங்காது. மண்மேல் வெள்ளையாகப் பூத்தால் நிறுத்திக்கொண்டு, மழைத் தண்ணீரால் ஒருமுறை நன்றாக நனைத்துவிடுங்கள். உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

மண்ணை அம்மணமாக விடக் கூடாது என்பார் என் மாமியார். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா மூடாக்கு மூடாக்கு என்று ஊர் ஊராகச் சொன்னதும், மண்ணைச் சருகால் மூடி வைக்கும் இதைத்தான். எங்கள் ஊரில் உளுந்தம் பொட்டும் கடலைத் தொலியும் சும்மா கிடைக்கும், வேப்பஞ்சருகு வாசலிலேயே விழுகிறது. நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கரிசல் வெடிக்கிறபோது வேரையும் சேர்த்து அறுக்கும், மூடாக்குப் போட்ட இடத்தில் வெடிப்பே விழாது. தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், கரையான் ஏறும். புரட்டும்போது கையை விடாமல் குச்சியால் புரட்டுங்கள். இதுவரைக்கும் நான் மூன்று தேள் பார்த்திருக்கிறேன்.

மேற்கே நிழல் வேண்டும். மூன்று மணி வெயில்தான் செடியைக் கொல்கிறது. நான் மேற்கு வரப்பில் அகத்தி விதைத்தேன், ஆறே மாதத்தில் என் உயரத்தைத் தாண்டியது. பக்கத்தில் ஒரு முருங்கை. எங்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் வந்த பி.கே.எம். 1 ரகம், விதை போட்டு வளர்ப்பது. பிறந்த ஊர்ப் பாசம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும், அதற்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

என்ன போடுவது, எப்போது போடுவது? ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் ஆடியில் காற்றுதான் அடிக்கும், மழை இருக்காது. நாற்றை வேரோடு ஆட்டிவிடும். ஆவணியில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நிழலில் நாற்று விட்டு, புரட்டாசிக் கடைசியில் முதல் மழைக்கு நட்டுவிடுகிறேன். வெண்டை, கொத்தவரை, தட்டாங்காய் எல்லாம் அப்போது நேராகவே ஊன்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் குடத்துக்கே வேலையில்லை. மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் காய் வரும். தக்காளிமேல் ஆசை என்றால் நாலு செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையில் தேடினாலும் சுலபமாகக் கிடைக்காத ஒன்று அதலைக்காய். கரிசல் காட்டில் மழைக்குத் தானாக முளைக்கிற கொடி. கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். வேலி ஓரம் ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பறித்த அன்றே சமைத்துவிடுங்கள், வைத்திருந்தால் வெடித்துவிடும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கினால் கசப்பு ஒரு குறையாகவே தெரியாது.

பங்குனிக்கு மேல் தோட்டத்துக்கு லீவு. பாத்தியை இன்னும் கனமாக மூடிவிட்டு, முருங்கை, கறிவேப்பிலை, பிரண்டை, ஒரு பந்தல் கொடிப்பசலை, இவற்றுக்கு மட்டும் ஒரு குடம். அக்னி நட்சத்திரத்தில் செடி வளர்த்துக் காட்டுகிறேன் என்று யாரோடும் பந்தயம் கட்டாதீர்கள்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைதான். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் பிழிந்து, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். தட்டாங்காயில் அசுவினி அப்பினால் முதலில் அந்தக் கொழுந்தையே கிள்ளி எறிந்துவிடுவது நல்லது. மயிலுக்கு மருந்து கிடையாது. பழைய நைலான் சேலையைப் பாத்திக்கு மேல் கட்டுகிறேன், நாற்று முழங்கால் உயரம் வந்ததும் எடுத்துவிடுவேன்.

விதைக்கு முதல் பறிப்பில் வரும் நல்ல காய் ஒன்றில் நூலைக் கட்டி விட்டுவிடுங்கள், யாரும் பறித்துவிடக் கூடாது. கத்தரி மஞ்சளாகப் பழுத்ததும் பிசைந்து கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைக்கலாம். வீரிய ஒட்டுரக விதையில் இது நடக்காது, அடுத்த வருஷம் தாயைப் போல வராது. நாட்டுவிதையாகக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் மாமியார் கட்டின நூல் சிவப்பு. ஒருமுறை அது தெரியாமல் என் வீட்டுக்காரர் அந்தக் காயைப் பறித்துக் குழம்புக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் அவருக்கு வெற்றுச் சோறும் மோரும்தான்.