பிக்கப்புல கேரவன் ட்ரெய்லர் கட்டப் போறீங்களா? மொதல்ல எடை மேடைக்குப் போங்க

பிக்கப் வாங்குன நம்மாளுகள்ல முக்காவாசிப் பேரு கேக்குற மொதக் கேள்வி "இது எத்தனை டன்னு இழுக்கும்ணே"ங்குறதுதான். கேளுங்க, தப்பில்ல, ஆனா இழுக்குறது இந்த வண்டிகளுக்கு ஒரு மேட்டரே கிடையாது. டொயோட்டா ஹைலக்ஸ்ல 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்னா 500 என்எம் டார்க்கு, அதாவது வீலத் திருப்புற விசை, இசுஸு வி-கிராஸ் 1.9 லிட்டர்லயே 360 என்எம். ஒரு டன் கேரவன பின்னாடி கட்டிவிட்டா கப்பலூர்ல இருந்து விருதுநகர் வரைக்கும் கட்டியிருக்குறதே மறந்துபோகும். நிப்பாட்டுறப்பதான் தெரியும். ஆம்னி பஸ் ஒண்ணு நூறுல நம்மள தாண்டிப் போறப்ப இன்னும் நல்லாத் தெரியும்.

இன்னொண்ணு, ஆஸ்திரேலியாக்காரன் வீடியோவ பாத்துட்டு "ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும்"னு இங்க வந்து சொல்லாதீங்க. அந்த 3,500 அங்க விக்குற வண்டிக்கு, அங்க டெஸ்ட் பண்ணுன கொக்கிக்கு, அதுவும் ட்ரெய்லருக்குத் தனியா பிரேக் இருந்தா மட்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லர்னா அங்கயே 750 கிலோதான். உங்க வண்டியோட மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் உங்களுக்கு, அதுல இல்லன்னா சர்வீஸ் சென்டர்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. என்னைய கேட்டா நம்ம ரோட்டுக்கு மொத ட்ரெய்லர் சாமான் எல்லாம் ஏத்தி 1,000, 1,200 கிலோவுக்கு மேல வேணாம், அதுக்கும் சொந்த பிரேக்கு இருக்கணும்.

கொக்கி விஷயம். வெல்டிங் பட்டறையில போயி "ஒரு கொக்கி போட்டுக் குடுங்கண்ணே"ன்னு நின்னா டிராக்டருக்குப் போடுற பின்னு டைப்ப பம்பர்ல வச்சு பத்தவச்சுக் குடுத்துருவாய்ங்க, அவங்க மேல தப்பில்ல, அவங்க தினம் பாக்குறது அதத்தான். டிராக்டர் போற வேகத்துக்கு அது போதும், 80ல போற வண்டிக்கு ஆகாது. பம்பர்ல கட்டவே கூடாது, சேசிஸ் ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு மாட்டுற கொக்கிதான் வேணும், 10.9 இல்லாட்டி 8.8 கிரேடு போல்ட், சேசிஸ்ல வெல்டிங் வேணாம். நுனியில 50 மில்லிமீட்டர் பால், அதாவது இரும்பு உருண்டை, அது மேல கவுந்து உக்காருற கேரவனோட கப்புளரும் அதே 50க்கு இருக்கான்னு பாத்துக்கங்க, அமெரிக்க சைஸு வேற வேற இருக்கு, கொஞ்சம் சின்ன பால் மேல பெரிய கப்புளர் உக்காந்த மாதிரியே தெரியும், மேடு பள்ளத்துல கழண்டுக்கும். பிக்கப்புக்கு பின்பக்கம் உசரம்கறதால பால் கொஞ்சம் கீழ இறங்குன மாதிரி மவுண்ட் வேணும். கட்டி முடிச்சு தள்ளி நின்னு பாத்தா கேரவன் மட்டமா, இல்ல மூக்கு லேசா இறங்கி நிக்கணும். மூக்கத் தூக்கிட்டு நின்னா அந்த வண்டிய எடுக்காதீங்க.

இப்ப மெயின் விஷயத்துக்கு வரேன், முன்பாரம். மாட்டுவண்டியில நெல்லு மூட்டை ஏத்துறப்ப பெருசுக எப்படி ஏத்துவாங்கன்னு பாத்திருக்கீங்களா, பின்பாரம் ஏறுனா நுகத்தடி மாட்டுக் கழுத்த விட்டு மேல தூக்கும், முன்பாரம் ஜாஸ்தியானா மாடு அமுங்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு கணக்குல நிப்பாட்டுவாங்க. கேரவனும் அதே கதைதான். மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் பால் மேல உக்காரணும்ங்கறது அமெரிக்கக் கணக்கு, ஐரோப்பாக்காரங்க அவங்க கேரவனுக்கு இதவிடக் கொறச்சு வைக்கிறாங்க, ஆனா பிக்கப்புல கட்டுற நமக்கு 10க்குக் கீழ போகாம இருக்குறதுதான் சேஃப். கொக்கியில ஒரு லிமிட்டு பொறிச்சிருப்பாங்க, அதத் தாண்டவும் கூடாது.

இத கண்ணால பாத்து சொல்ல முடியாது. ரோட்டோரம் எங்கயாச்சும் ஒரு எடை மேடையில வண்டிய ஏத்துங்க, கூட்டமில்லாத நேரமாப் போனா சலிச்சுக்காமப் போட்டுக் குடுப்பாங்க. மொதல்ல டேங்க் ஃபுல்லா, வீட்டாளுகளோட, வெறும் பிக்கப்ப மட்டும் எடை போடுங்க. உதாரணத்துக்கு 2,350 வந்துச்சுன்னு வச்சுக்குவோம். அடுத்து கேரவனக் கட்டி, பிக்கப்போட நாலு வீலும் மேடையில, கேரவன் வீலு மேடைக்கு வெளிய, இப்ப 2,470. கடைசியா மொத்தமும் மேடை மேல, 3,450. ஆக கேரவன் எடை 1,100, முன்பாரம் 120, கிட்டத்தட்ட 11 சதவீதம், சரியா இருக்கு. இதே முன்பாரம் 60, 70ன்னு வந்தா சாமான முன்னாடி நகத்தி திரும்பப் போடுங்க. கனமான சாமான் எல்லாம் ஆக்சிலுக்கு மேல, கொஞ்சம் முன்னாடி தள்ளி, தரையோட தரையா. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, 100 லிட்டர் டேங்க் பின்பக்கம் இருந்தா அது ரொம்புனதும் நீங்க போட்ட கணக்கெல்லாம் மாறிடும், கேஸ் சிலிண்டர்லயும் 14.2 கிலோங்கறது உள்ள இருக்குற கேஸு மட்டும், இரும்பையும் சேத்தா முப்பது கிட்ட வரும். பின்பக்க பம்பர்ல சைக்கிளு ஜெனரேட்டருன்னு தொங்கவிடுறது ஃபோட்டோவுக்கு நல்லாருக்கும், ரோட்டுக்கு ஆகாது.

நெறையப் பேரு விடுற இன்னொரு கணக்கு, அந்த 120 கிலோ பிக்கப் தாங்குற சுமையில சேரும். மொத்தமா எவ்வளவு எடை வரைக்கும் போகலாம்னு மேனுவல்ல இருக்கும், அதுல வெறும் வண்டி எடையக் கழிச்சுப் பாருங்க. அஞ்சு பேரு ஏறி, ஆளுக்கு 65ன்னாலே 325 போச்சு, அதுக்கு மேல கூலர், டென்ட்டு, முன்பாரம். பிக்கப்தானே எம்புட்டு வேணா ஏத்தலாம்னு நெனச்சா பின்னாடி ஸ்பிரிங் பட்டை அமுங்கி முன்வீலு லேசாகி ஸ்டியரிங் மெதக்கும்.

முன்பாரம் கொறஞ்சா என்னாகும்னா கேரவன் ஆட ஆரம்பிக்கும். ஸ்பீடு கூடக் கூட ஆட்டமும் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல பின்னாடி போற கேரவன் முன்னாடி போற பிக்கப்ப இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பும். பெரிய பஸ்ஸு தாண்டுறப்பவும், எறக்கத்துலயும், பக்கவாட்டுக் காத்துலயும் இது வரும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, தகரப் பெட்டி பறக்காதா? உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய், நாகர்கோவில் போற வழியில ஆரல்வாய்மொழி முப்பந்தல், அப்புறம் பாம்பன் ரோட்டுப் பாலம், இந்த மூணு எடத்துலயும் காத்து அடிக்கிற மாசத்துல 50, 60ல போங்க போதும். பாம்பன்ல இன்னொரு தொல்லை, முன்னாடி போறவன் சடார்னு ஓரங்கட்டி கடல ஃபோட்டோ எடுக்க எறங்குவான், கேப்பு விட்டுப் போங்க.

ஆட்டம் வந்துருச்சுன்னா பயத்துல கால் தானா பிரேக்குக்குப் போகும், போட்டு மிதிச்சுடாதீங்க, கேரவன் மடங்கிக்கிட்டு பக்கத்துல வந்து நிக்கும். ஆக்சிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுத்துட்டு ஸ்டியரிங்க நேராப் புடிங்க, எதிர்ப்பக்கம் ஒடிச்சு ஒடிச்சு சரிபண்ணப் பாக்காதீங்க. கேபின்ல எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் இருந்தா அதோட கை லீவர லேசாத் தொட்டா கேரவன் மட்டும் பின்னால புடிச்சு இழுத்து நேராகிடும். வேகம் கூட்டுனா நேராகும்னு ஒரு கூட்டம் சொல்லித் திரியும், கேக்காதீங்க. நின்னதும் எறங்கி முன்பாரத்தையும் டயர் காத்தையும் பாத்துட்டுத்தான் மேல போகணும்.

பிரேக்கு ரெண்டு வகை. ஒண்ணு நான் இப்ப சொன்ன எலக்ட்ரிக். இன்னொண்ணு ஓவர்ரன், அதாவது நம்ம பிரேக் போட்டதும் கேரவன் முன்னாடி வந்து முட்டும், அந்த முட்டுல அதுவே பிரேக் புடிச்சுக்கும். சிம்பிள், வயரிங் தொல்லை இல்ல, ஆனா மலை எறக்கத்துல இஞ்சின் பிரேக்குல வரப்ப கேரவன் முட்டிக்கிட்டேதான் வரும், பிரேக்கும் புடிச்சுக்கிட்டே சூடாகும். அதனால கொடைக்கானல்ல இருந்து வத்தலக்குண்டுக்கு எறங்குறீங்கன்னா எறங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு, மூணாவது கியருக்கு வந்துருங்க, பிரேக்க தேச்சுக்கிட்டே வராம நல்லா ஒருக்கா புடிச்சு விடுங்க, நடுநடுவுல நிப்பாட்டி ஆற விடுங்க. கருகுன வாடை வந்தா அதுக்கு மேல ஒரு வளைவு கூட வேணாம். கொடைக்கு இ-பாஸும் எடுத்திருக்கணும். போடிமெட்டு பக்கம் கேரவனோட மொத ட்ரிப்புக்குப் போகாதீங்க, கொண்டை ஊசியில கேரவன் வீலு உங்க வீலு போன தடத்துல வராது, உள்பக்கமா அறுத்துக்கிட்டு வரும், எதிர்ல ஜீப்பு வந்தா ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது. மொத ட்ரிப்புக்கு மானாமதுரை பரமக்குடி வழியா ராமேஸ்வரம்தான் பெஸ்ட்டு, மட்டமான ரோடு.

மாட்டுற வரிசை: கப்புளர பால் மேல எறக்கி லாக்கு பண்ணி பின்னு போடுங்க. அப்புறம் ஜாக்கி வீல, அதாவது கேரவன் மூக்குல இருக்குற சின்ன வீல, சுத்தி மூக்கத் தூக்கிப் பாருங்க, பிக்கப்போட பின்பக்கமும் சேந்து மேல வந்தாத்தான் ஒழுங்கா கடிச்சிருக்குன்னு அர்த்தம். இது பத்து செகண்டு வேலை, யாரு அவசரப்படுத்துனாலும் விடாதீங்க. ரெண்டு செயினையும் அடியில குறுக்கால மாத்தி மாட்டுங்க, மூக்கு கழண்டா ரோட்டுல குத்தாம அதுல உக்காரும். பிரேக்அவே கேபிள், அதாவது கேரவன் கழண்டுக்கிட்டா அதோட பிரேக்க தானா போடவைக்கிற கேபிள், அத செயின்லயோ பால்லயோ சுத்தாம வண்டியில தனியா மாட்டணும். பிளக்க சொருகி லைட்டு பாருங்க, இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேந்து மினுக்குதுன்னா எர்த்து சரியில்ல. ஜாக்கி வீல முழுசாத் தூக்கி இறுக்கிடுங்க, நம்மூரு பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கருக்கு மொத பலி அதுதான்.

டயர காலையில வெயிலுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. கேரவன் டயரு ஓடித் தேயுறத விட நின்னே கெட்டுப்போகும், சைடுல நாலு நம்பர் இருக்கும், 2321னா 2021ல 23வது வாரம் செஞ்சது, அஞ்சாறு வருசம் தாண்டிருச்சுன்னா பட்டன் நல்லாருந்தாலும் மாத்திருங்க, சித்திரை வெயில்ல தார் ரோட்டுல கேரண்டியில்ல. வீல் மாட்டுனதுல இருந்து மொத 50, 100 கிலோமீட்டர்ல நட்ட ஒருக்கா இறுக்குங்க. டீக்கு நிக்குறப்பெல்லாம் கேரவன் வீலோட நடுவுல இருக்குற ரெண்டு ஹப்பையும் பட்டும் படாம தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா பேரிங்கோ பிரேக்கோ மாட்டிக்கிச்சு.

ரிவர்ஸ் மட்டும் படிச்சு வராது. மதுரையச் சுத்தி கல்லு நட்டு காலியாக் கிடக்குற பிளாட்டுக்கா பஞ்சம், ஞாயித்துக்கிழமை காலையில போயி பழகுங்க. ஸ்டியரிங்க அடிப்பக்கமாப் புடிங்க, கேரவன் பின்பக்கம் எங்கிட்டு போகணுமோ அங்கிட்டே கைய நகத்துங்க. கொஞ்சமா ஒடிங்க, மெதுவா வாங்க, மடங்குற மாதிரி தெரிஞ்சா உடனே முன்னாடி எடுத்து நேராக்கிட்டு திரும்ப வாங்க. வெளிய நிக்குறது ஒரே ஆளா இருக்கணும், கிராமத்துல ஊரே கூடி "ஒடி ஒடி, நேரா விடு"ன்னு ஆளாளுக்குக் கத்துவாய்ங்க, உங்காளு கண்ணாடியில தெரியலைன்னா நிப்பாட்டிருங்க. சிட்டிக்குள்ள மாசி வீதி பக்கமெல்லாம் நெனச்சே பாக்காதீங்க, ரிங் ரோடு போதும்.

பேப்பர்: ட்ரெய்லருக்குத் தனியா ரிஜிஸ்ட்ரேஷன் உண்டு, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 61வது பிரிவு. ட்ரெய்லர் நம்பர் அதோட சைடுலயும், இழுக்குற வண்டி நம்பர் ட்ரெய்லர்லயும் இருக்கணும். கொக்கி மாட்டுறதுக்கும் இன்சூரன்ஸுக்கும் முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கங்க. ஓடுறப்ப கேரவனுக்குள்ள ஆள் வேணாம், புள்ளைக எம்புட்டு அழுதாலும்.

எடத்துக்குப் போனதும் கழட்டுறப்ப மொத வேலை வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைக்கிறது. கட்டை வச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கி வீல எறக்கி, அப்புறம்தான் லாக்கத் தொடணும். செயின கடைசியா கழட்டுங்க. நாலு மூலையில இருக்குற காலு ஆடாம நிக்குறதுக்கு மட்டும்தான், அத வச்சு கேரவனத் தூக்குனா வளைஞ்சுரும், மட்டம் பாக்கணும்னா வீலுக்கு அடியில பலகை குடுங்க.