கொரியாவில் இனிக்காத ரொட்டி தேடுபவர்களுக்கு

கொரியாவுக்குக் கிளம்புகிறவர்கள் சாம்பார்பொடி, புளி, அப்பளம் எல்லாவற்றையும் மறக்காமல் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வந்த முதல் வாரத்தில் திண்டாட்டம் ஆரம்பிப்பது காலைச் சாப்பாட்டில்தான். ரொட்டி, வெண்ணெய், ஓட்ஸ், கார்ன்ஃபிளேக்ஸ், பால், தயிர் எல்லாம் எந்த நாட்டிலும் கிடைக்கும், இதைப் போய்ச் சுமப்பானேன் என்று நினைத்து வருவோம். கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ரொட்டி இனிக்கும், தயிர் இனிக்கும், பூண்டு ரொட்டிகூட இனிக்கும். வெண்ணெய் என்று நம்பி வாங்கியதில் தாவர எண்ணெய் கலந்திருக்கும். கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால்தான் வாங்கியது பயன்படும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள்

வந்தவுடன் எல்லோரும் சொல்வது "கூபாங்கில் ஆர்டர் போடு" என்பதுதான். கூபாங் இங்கே பெரிய இணையக் கடை. நல்ல யோசனை, ஆனால் உடனே நடக்காது. இங்கே பெரும்பாலான செயலிகள் உங்கள் பெயரில் பதிவான கொரிய செல்பேசி எண்ணைக் கொண்டு அடையாளம் சரிபார்க்கும். அதற்கு வெளிநாட்டவர் பதிவு அட்டை கையில் இருக்க வேண்டும். அட்டைக்கு விண்ணப்பிக்க 90 நாள் அவகாசம் உண்டு என்றாலும் முதல் வாரத்திலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள். அட்டை வரும்வரை நேரில் போய் வாங்குவதுதான் வழி.

பக்கத்தில் உள்ள பெரிய மார்ட்டில் தொடங்குங்கள். வால்மார்ட், காரஃபூர் என்று தேட வேண்டாம், இரண்டும் 2006லேயே கொரியாவை விட்டுப் போய்விட்டன. இமார்ட், லோட்டே மார்ட், ஹோம்பிளஸ் இவைதான் இங்கே பெரிய பெயர்கள். இதில் ஹோம்பிளஸ் 2025 மார்ச்சில் நீதிமன்ற மறுசீரமைப்புக்குப் போனது, கிளைகளும் குறைந்து வருகின்றன. திறந்திருக்கிறதா என்று நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியில் பார்த்துவிட்டுப் போங்கள். பெரிய மார்ட்டுகளுக்கு மாதத்தில் இரண்டு நாள் கட்டாய விடுமுறையும் உண்டு. பல ஊர்களில் அது இரண்டாவது, நான்காவது ஞாயிறு. தேகு போன்ற சில ஊர்களில் வார நாளுக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போய் மூடிய கதவைப் பார்க்காதவர் இங்கே குறைவு.

பில் போடும் இடத்தில் பிளாஸ்டிக் பை தரமாட்டார்கள், பெரிய கடைகளில் 2019 முதல் தடை. "குப்பைப் பை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இங்கே வீட்டுக் குப்பையை அந்தந்த வட்டாரம் விற்கும் காசு கொடுத்து வாங்கும் பையில்தான் போட வேண்டும். அதே பையில் மளிகையைச் சுமந்து வந்து பிறகு குப்பைக்கு வைத்துக்கொள்ளலாம். வேறு வட்டாரத்துப் பை உங்கள் தெருவில் செல்லாது, அதனால் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம்

முதலில் பப்பாகோ செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நேவர் நிறுவனத்துடையது, கேமராவைக் காட்டினால் கொரிய எழுத்தை மொழிபெயர்க்கும். தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் பின்பக்கத்தில் "சிக்பும் யூஹ்யொங்" என்று ஒரு வரி இருக்கும். உணவின் வகை என்ன என்பதை அது சொல்லும். முன்பக்கத்துப் படம் எப்படி இருந்தாலும் உண்மை அந்த வரியில்தான். வெண்ணெய்க் கட்டியைத் திருப்பிப் பாருங்கள்: "பொத்தொ" என்று மட்டும் இருந்தால் அது வெண்ணெய். "காகொங் பொத்தொ" என்று இருந்தால் வேறு எண்ணெய் கலந்த பதப்படுத்திய வெண்ணெய். ரொட்டியில் தடவ ஓடும். நெய் காய்ச்சலாம் என்று வாங்கினால் வாசனையே வராது. நியூசிலாந்து ஆங்கர், பிரான்ஸ் எல் & வீர் போன்றவை பெரிய மார்ட்டுகளில் கிடைக்கும். நெய் காய்ச்ச உப்பில்லாததாகப் பார்த்து எடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கும், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ தவிர்ப்பவர்களுக்கும் இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. சேர்மானப் பட்டியலுக்குப் பக்கத்தில், வேறு நிறப் பின்னணியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் எவை இருந்தாலும் அதில் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். பால், முட்டை, கோதுமை, இறால், நண்டு இவற்றோடு மாடு, பன்றி, கோழி மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்வேகோகி என்றால் மாடு, த்வேஜிகோகி என்றால் பன்றி, தக்கோகி என்றால் கோழி. இந்த மூன்று சொற்களின் எழுத்து வடிவத்தைப் போனில் படமாக வைத்துக்கொண்டால் போதும், உருளைக்கிழங்கு சிப்ஸில் மாட்டிறைச்சித் தூள் இருக்கிறதா என்று ஐந்து நொடியில் தெரிந்துவிடும். கட்டத்தின் கடைசியில் "ஹம்யு" என்று இருந்தால் "உள்ளது" என்று பொருள். அதற்குக் கீழே நீளமாக ஒரு வாக்கியம் வந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பொருள்களைக் கையாளும் அதே ஆலையில் தயாரானது என்ற எச்சரிக்கைதான் அது.

சுத்த சைவர்கள் இந்தக் கட்டத்தோடு நிற்கக் கூடாது. மீனில் கானாங்கெளுத்தி மட்டும்தான் அந்தப் பட்டியலில் வரும், நெத்திலி வராது. தயிர், மிட்டாய், மார்ஷ்மெல்லோ இவற்றில் ஜெலட்டின் இருக்கிறதா என்பதை முழுப் பட்டியலையும் கேமராவில் காட்டித்தான் பார்க்க வேண்டும்.

பால், தயிர், சீஸ்

பால் இங்கே விலை அதிகம், ஒரு லிட்டர் ஏறத்தாழ 3,000 வொன். போலந்திலிருந்து வரும், வெளியில் வைத்தாலும் கெடாத அட்டைப்பெட்டிப் பால் அதைவிட மலிவு. டீ, காபிக்கு அது போதும். தயிருக்கு மட்டும் உள்ளூர்ப் பால் வாங்குவது என் கட்சி.

தயிர் அலமாரியில் "பிளெய்ன்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அதிலும் சர்க்கரை இருக்கும். "முகாதாங்" என்ற சொல்லைத் தேடுங்கள், சர்க்கரை சேர்க்காதது. அப்படி ஒரு டப்பா கிடைத்துவிட்டால் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிடலாம், அப்புறம் தயிர் வாங்க வேண்டிய தேவையே இல்லை. குளிர்காலத்தில் உறையுமா என்று கவலைப்படுவார்கள். இங்கே வீட்டுத் தரையே சூடாகும், ஒந்தொல் என்பார்கள். பாத்திரத்தைத் துண்டில் சுற்றி இரவில் தரையில் வைத்தால் காலையில் கட்டித் தயிர். இட்லி மாவுக்கும் இதே வைத்தியம்.

சீஸ் என்றால் பெரும்பாலும் பதப்படுத்திய துண்டுகள்தான் கண்ணில் படும். உள்ளூர்ச் சீஸ் வேண்டுமானால் இம்சில் என்ற பெயரைப் பாருங்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த பாதிரியார் ஒருவர், கொரியப் பெயர் ஜி ஜொங்-ஹ்வான், 1960களில் அந்த ஏழை மலையூரில் ஆடு வளர்க்கச் சொல்லிக்கொடுத்து, பாலை என்ன செய்வதென்று தெரியாமல் சீஸ் செய்யத் தொடங்கினார். இன்று ஊரே சீஸுக்குப் பேர் போனது. செடார், பார்மேசான் வகைகள் காஸ்ட்கோ என்ற மொத்தக் கடையிலும் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தளத்து உணவுப் பிரிவிலும் கிடைக்கும். பின்னது பணக்காரக் கடை, ஆசைக்கு ஒரு துண்டு வாங்கலாம். பனீருக்கு அலைய வேண்டாம், பாலைத் திரித்து வீட்டிலேயே செய்வது லாபம்.

ரொட்டியும் மாவும்

சிக்ப்பாங் என்பதுதான் இங்கே துண்டு ரொட்டி. பஞ்சு மாதிரி இருக்கும், லேசாக இனிக்கும். டீயில் நனைத்துத் தின்ன நன்றாக இருக்கும், முட்டை சாண்ட்விச்சுக்குச் சரிப்படாது. கோதுமை ரொட்டி என்று பழுப்பு நிறத்தில் இருப்பதும் பல சமயம் இனிப்புத்தான். பேக்கரியில் பகெத், சியாபத்தா, காம்பான்யூ என்று கேட்டு வாங்குங்கள், இவற்றில் சர்க்கரைத் தொல்லை குறைவு. மொத்தமாக வாங்கித் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது.

மைதா மூன்று வகையில் கிடைக்கும். காங்ன்யொக்புன் ரொட்டிக்கு, பாங்ன்யொக்புன் கேக்குக்கு, ஜுங்ன்யொக்புன் மற்றதற்கெல்லாம். பரோட்டாவுக்கு மூன்றாவது. சப்பாத்திக்கு உள்ளூர் முழுக்கோதுமை மாவு வாங்கிக் கஷ்டப்படாதீர்கள், ஆட்டா இந்தியக் கடையில்தான்.

கார்ன்ஃபிளேக்ஸில் சர்க்கரை பூசியதுதான் அதிகம், பெட்டியை நன்றாகப் பாருங்கள். ஓட்ஸ், பீனட் பட்டர், பாஸ்தா, டின் தக்காளி, ஆலிவ் எண்ணெய் எல்லாம் எந்த மார்ட்டிலும் உண்டு. இதற்காக வெளிநாட்டு உணவுக் கடைகள் நிறைந்த சியோலின் இதேவொன் வரை போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இந்த மேல்நாட்டு ஆரோக்கிய உணவு அலமாரியில் நமக்கு ஒரு புதையலும் இருக்கிறது. உடல் இளைக்க நல்லது என்று கொரியர்களிடம் மசூர் பருப்பு பிரபலமாகி, கனடாவிலிருந்து வரும் பாக்கெட்டுகள் சாதாரண மார்ட்டிலேயே வந்துவிட்டன. லென்டில்கோங் என்று கேளுங்கள். கொண்டைக்கடலை ப்யொங்-ஆரி-கோங். தோல் நீக்கிய பாசிப்பருப்பு பழைய சந்தைகளில் கிடைக்கும், கொரியர்கள் அதை அரைத்து அடை மாதிரி ஒன்று சுடுகிறார்கள். பெயர் நொக்து. கொரிய அரிசியும் இந்தப் பருப்பும் சேர்ந்தால் வெண்பொங்கல் குழைவாக வரும். பாசுமதி, பொன்னி மட்டும் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் அரிசிக்கு 513 சதவீதம் வரி. வேறு காரணம் வேண்டுமா?

காஸ்ட்கோ, இதேவொன், இணையம்

காஸ்ட்கோவுக்கு உறுப்பினர் அட்டை வேண்டும், வேறு நாட்டில் எடுத்த அட்டை இருந்தாலும் செல்லும். கிரெடிட் கார்டில் ஹ்யுண்டாய் கார்டு மட்டும்தான் எடுப்பார்கள், அதனால் புதிதாக வந்தவர்கள் ரொக்கம் கொண்டு போங்கள். தனியாக ஓர் அறையில் இருக்கும் மாணவருக்கு அங்கே வேலை இல்லை. ஒரு கிலோ சீஸை வைக்க ஃப்ரிட்ஜில் இடம் இருக்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய்ப் பிரித்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். இமார்ட் டிரேடர்ஸும் அதே மாதிரி மொத்தக் கடைதான், உறுப்பினர் அட்டை இல்லாமலே வாங்கலாம். தொடக்கத்துக்கு அதுவே போதும்.

மார்ட்டில் கிடைக்காதவற்றுக்குச் சியோலில் இதேவொன். ஆறாவது வழித்தட மெட்ரோவில் இறங்கி மசூதியை நோக்கி மேடு ஏறினால் வெளிநாட்டு உணவுக் கடைகள் வரிசையாக இருக்கும். உளுந்து, ஆட்டா, ஹலால் இறைச்சியோடு பேக்டு பீன்ஸ் டின்னும் ஒரே கடையில் எடுக்கலாம். ஆன்சானில் வொன்கொக்-தொங், கிம்ஹேயில் தொங்சாங்-தொங் சந்தை இரண்டும் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களால் வளர்ந்த இடங்கள். இலங்கையிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு இதேவொனைவிட இவை பழக்கமாகிவிடும், விலையும் குறைவாக இருக்கும். கொத்தமல்லித் தழையை "கோசு" என்று கேட்க வேண்டும், முட்டைக்கோசோடு சம்பந்தமில்லை. புசானில் இருப்பவர்கள் பூப்யொங் காங்தொங் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வந்த டின் உணவுகளை விற்றுப் பெயர் பெற்ற சந்தை, இன்றும் இறக்குமதிச் சாக்லேட்டும் டின்களும் அங்கே கிடைக்கும்.

வெளிநாட்டவர் அட்டை வந்த பிறகு கூபாங், இணைய மளிகைக் கடையான கர்லி இரண்டும் கை கொடுக்கும். சியோல் வட்டாரத்தில் கர்லியில் இரவு 11 மணிக்குள் ஆர்டர் போட்டால் காலை 7 மணிக்குள் வாசலில் இருக்கும். வெளிநாட்டுத் தளங்களிலிருந்து வரவழைக்க, சுங்கத் துறை தரும் தனிநபர் எண் ஒன்று வேண்டும். இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். சொந்த உபயோகத்துக்கு 150 டாலர் வரை வரி இல்லை.

ஊரிலிருந்து வரும்போது சிக்கன் ஊறுகாய், மட்டன் தொக்கு என்று இறைச்சி சேர்ந்த எதையும் எடுத்து வராதீர்கள். சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால் அபராதம் ஒரு கோடி வொன் வரை போகலாம். அம்மா கட்டிக் கொடுக்கும் பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் விமான நிலையத்திலேயே நின்றுவிடும், காயவைத்த கறிவேப்பிலையை இந்தியக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த இடத்தில் காபிப் பொடியையும் பித்தளை ஃபில்டரையும் வையுங்கள். இங்கே எல்லா அலுவலகத்திலும் கிடைக்கும் மிக்ஸ் காபியில் பால்மாவும் சர்க்கரையும் ஏற்கெனவே கலந்திருக்கும். குக்கர் எடுத்து வருவதானால் இண்டக்ஷன் அடி உள்ளதாகப் பாருங்கள், சின்ன அறைகளில் அந்த அடுப்புதான் அதிகம். மிக்ஸிக்கு 220 வோல்ட் சரியாக இருக்கும், பிளக் மட்டும் பொருந்தாது. மாற்றியை டைசோ என்ற மலிவு விலைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.